பெம்ப்ரோக்‌ஷயர் கடலோரப் பாதை: வழிகாட்டி இல்லாமல் குடும்பத்தோடு நடக்கலாமா?

லெஸ்டர்வாசி:
வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் நான்கு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. வேல்ஸின் மேற்கு முனையில் இருக்கும் பெம்ப்ரோக்‌ஷயர் கடற்கரைத் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். நான், மனைவி, 13 வயது மகள். செயின்ட் டேவிட்ஸில் ஒரே இடத்தில் தங்கி, தினமும் ஒரு துண்டு நடப்பதாகத் திட்டம். கால்வாய்க் கரையில் நடந்து பழகியவர்கள்தான் நாங்கள், மலை ஏறியதில்லை. வழிகாட்டியோடு போகும் குழுவில் சேர்ந்துவிடலாம் என்கிறாள் மனைவி. எனக்கு நாமே வரைபடம் பார்த்து நடக்க ஆசை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நடைப்பித்தன்:
தாராளமாக நீங்களே போங்கள். 1970-இல் திறந்த பாதை அது. செயின்ட் டாக்மல்ஸில் தொடங்கி ஆம்ராத் வரை 186 மைல், கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். வழி நெடுக ஓக் கொட்டைச் சின்னம் போட்ட கம்பங்கள் நிற்கும். தெற்கு நோக்கி நடந்தால் கடல் எப்போதும் வலக்கைப் பக்கம். வழி தவறுவதே கடினம்.

வழிகாட்டி வேண்டாம் என்பதற்கு என் காரணம் வேறு. செயின்ட் ஜஸ்டினியனில் உயிர்காப்புப் படகு நிலையத்தைத் தாண்டியதும், ராம்சே தீவுக்கும் கரைக்கும் இடையே கடல் ஆறு மாதிரி ஓடும். பாறைகளில் மோதி இரைவது மேலே பாதையில் நிற்கும்போதே கேட்கும். என் பையனும் நானும் அங்கே புல்லில் உட்கார்ந்தோம். நீரோட்டத்தில் ஒரு கடல்நாய் தலையை மட்டும் நீட்டி, ஓட்டத்தை எதிர்த்து அசையாமல் நின்றது. முக்கால் மணி நேரம் அதையே பார்த்தோம். குழுவில் போயிருந்தால் ஐந்தாவது நிமிடம் எழுந்திருக்க வேண்டும்.

ஒரு யோசனை. காலையில் பஸ்ஸில் தூரமாகப் போய் இறங்கி, தங்கும் இடத்தை நோக்கி நடந்து வாருங்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருக்காது. அந்தக் கடலோர பஸ்களைப் பல இடங்களில் கை காட்டியே நிறுத்தலாம்.

கரைவலை:
நடைப்பித்தன் சொல்வது அத்தனையும் உண்மை. ஆனாலும் முதல் முறை போகிறவர்களுக்கு, அதுவும் பிள்ளையோடு போகிறவர்களுக்கு, குறைந்தது முதல் நாளாவது தெரிந்த ஆள் கூட இருக்க வேண்டும் என்பேன்.

நான் தொண்டிப் பக்கம் கடற்கரையில் பிறந்தவன். கடல் எனக்குப் புதிது இல்லை என்று நினைத்துத்தான் மார்லோஸ் மணல் என்னும் கடற்கரையில் இறங்கினேன். நம் பாக் நீரிணையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. அங்கே பெரிய கடலேற்றத்தின்போது ஆறு மீட்டருக்கு மேல். இரண்டு மாடி உயரத் தண்ணீர் சுமார் ஆறு மணி நேரத்தில் ஏறி, அடுத்த ஆறு மணி நேரத்தில் வற்றுகிறது. மூன்று புகைபோக்கி என்று சொல்வார்கள், தட்டுத் தட்டாக நிமிர்ந்து நிற்கும் பாறைகள். அவற்றைப் பார்த்துவிட்டு, அடுத்த பாறைமூக்கையும் சுற்றி அந்தப் பக்கத்து மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். திரும்பும்போது அந்த மூக்கில் மணல் இல்லை. அலை நேரே பாறையில் அடித்தது. மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், ஒரு கையால் பாசி வழுக்கும் பாறையைப் பிடித்தபடி வந்தேன். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் அந்த வழியும் இல்லை. அவன் நகங்கள் என் கழுத்தில் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

எனக்கு அங்கே வழி தெரியும். என்ன தெரியாது என்பதுதான் தெரியவில்லை.

நடைப்பித்தன்:
படிக்கவே பதறுகிறது. நல்லவேளை தப்பினீர்கள். ஆனால் அது மணலில் நடந்தது, பாதையில் இல்லை. பாதை மேலே பாறை உச்சியில் போகிறது. பாதையிலேயே ஏற்றவற்றம் பார்த்துக் கடக்க வேண்டிய இடங்கள் இரண்டுதான்: டேல் ஊர்ப் பக்கத்தில் கான் கழிமுகம், அதற்குக் கிழக்கே சாண்டி ஹேவன் கழிமுகம். தண்ணீர் ஏறியிருந்தால் உள்நாட்டு வழியில் சில மைல் சுற்ற வேண்டும். இரண்டுமே லெஸ்டர்வாசி போகும் பகுதியில் இல்லை. அலை அட்டவணை அங்குள்ள கடைகளிலேயே கிடைக்கும். அதற்காக ஒரு வழிகாட்டியா?

கரைவலை:
பாதையிலேயே இருந்தால் சரி. இருப்போமா? கீழே வெள்ளை மணல் தெரிந்ததும் 13 வயதுப் பிள்ளை என்ன செய்யும்? நாமே இறங்குவோம். இறங்காமல் வருவதற்கா அவ்வளவு தூரம் போகிறோம்?

பாதையையும் அப்படி இலேசாகச் சொல்லாதீர்கள். சில இடங்களில் விளிம்புக்கும் பாதைக்கும் நடுவே ஓரடிப் புல்தான். அந்தப் புல்லுக்கு அடியில் மண் இருக்காது. கடல் கீழிருந்து அரித்துக்கொண்டே போகிறது, மேலே புல் மட்டும் கூரை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். படம் எடுக்க ஒரு எட்டு முன்னால் வைக்கிறவருக்கு அது தெரியாது. பூங்காவின் ஆட்களே நடத்தும் நடைகள் உண்டு. அவர்களோடு அரை நாள் நடந்தால் எந்தப் புல்லை நம்பலாம் என்று காட்டித் தருவார்கள்.

பையில்லாப்பயணி:
இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நிறுவனங்கள் அறை பதிந்து தரும், பெட்டியை அடுத்த ஊருக்குக் கொண்டு போய் வைக்கும், வரைபடமும் குறிப்பும் கொடுக்கும். நடப்பது மட்டும் நாம். போன வருடம் அப்படித்தான் போனோம், நிம்மதியாக இருந்தது.

மட்டுநகராள்:
பையில்லாப்பயணி, நீண்ட தூரம் ஊர் ஊராய்ப் போகிறவர்களுக்கு அது நல்லதுதான். லெஸ்டர்வாசி தம்பி ஒரே இடத்தில் தங்குகிறார், பெட்டி தூக்க ஆள் எதற்கு? காசுதான் மிச்சமில்லாமல் போகும். இன்னொன்று, முன்கூட்டியே அறை பதிந்துவிட்டால் மழையோ காற்றோ அன்றைக்கு நடந்தே ஆகவேண்டும். ஒரே இடத்தில் இருந்தால் காற்று மோசமான நாளில் செயின்ட் டேவிட்ஸ் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு அறையில் இருக்கலாம். அந்தப் பாறைமேல் காற்று தள்ளினால் பிடிக்க ஒன்றும் இல்லை. காற்று நாளில் போகாமல் இருப்பதுதான் பெரிய பாதுகாப்பு.

நான் 58 வயதில் தனியத்தான் போனேன். லண்டனில் என் பிள்ளைகள் மறித்தார்கள். சோல்வாவிலிருந்து நியூகேல் வரை எட்டுக் கிலோமீட்டர்தான், எனக்கு நாலரை மணித்தியாலம் எடுத்தது. ஓடை இறங்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் கீழே போய்த் திரும்பவும் ஏற வேண்டும். தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள், அங்கே ஏற்ற இறக்கம்தான் கணக்கு. வழியில் சிவந்த சொண்டும் சிவந்த காலும் உள்ள காகங்கள் இரண்டு, காற்றில் குட்டிக்கரணம் போட்டு விளையாடின. அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வயதே நினைவில் இல்லை. எங்கட பெண்கள் எத்தனை பேருக்கு அது வாய்க்கிறது? பயப்படுத்தி வீட்டில் இருத்தாதீர்கள், கரைவலை தம்பி.

ஊர்ப்பெயர்களைக் கொஞ்சம் படித்துக்கொண்டு போனால் வரைபடம் பேசும். 'பென்' என்றால் முனை, 'போர்த்' துறை, 'ட்ரயத்' மணற்கரை, 'அபர்' கழிமுகம்.

கரைவலை:
அக்கா, பயப்படுத்தவில்லை. நீங்கள் காற்று நாளில் போகாமல் இருந்தீர்கள், நேரத்தை மீதம் வைத்தீர்கள். உங்களுக்கு வழிகாட்டி வேண்டியதில்லை. நான் சொல்வது அதெல்லாம் இன்னும் பழகாத குடும்பத்துக்கு.

லெஸ்டர்வாசி:
எல்லாருக்கும் நன்றி. மனைவியும் படித்தாள். இரண்டு கேள்விகள். தெற்கே பச்சைப் பாலம் என்னும் பாறை வளைவைப் பார்க்க ஒரு நாள் காரில் போகலாமா? ஆகஸ்ட் கடைசியில் கடல்நாய்க் குட்டிகள் இருக்குமா?

நடைப்பித்தன்:
பச்சைப் பாலம் காஸில்மார்ட்டின் ராணுவச் சுடுதளத்துக்குள் வருகிறது. சிவப்புக் கொடி ஏறியிருந்தால் சாலையே மூடியிருக்கும். சனி ஞாயிறுகளில் பெரும்பாலும் திறந்திருக்கும். கிளம்புமுன் அறிவிப்பைப் பாருங்கள்.

மட்டுநகராள்:
குட்டிகள் ஆகஸ்ட் முடிவில் பிறக்கத் தொடங்கும். வெள்ளை ரோமத்தோடு கூழாங்கல் கரையில் தனியே கிடக்கும். தாய் விட்டுப்போய்விட்டது என்று நினைத்து இறங்கக் கூடாது, அது கடலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஆள் வந்தால் குட்டியிடம் திரும்பி வராமலே போய்விடலாம். மேலே பாதையில் படுத்து, சத்தம் போடாமல் பாருங்கள். மகளுக்கு ஒரு பைனாகுலர் கொடுங்கள்.

லெஸ்டர்வாசி:
சரி, முடிவு செய்துவிட்டோம். முதல் நாள் காலை பூங்கா ஆட்களின் நடை ஏதாவது இருந்தால் சேர்ந்துகொள்வோம். மற்ற மூன்று நாளும் நாங்களே. அந்தப் பகுதிக்கான ஓஎல் 35 என்னும் வரைபடம் வாங்கியாயிற்று. வரைபடம் மகள் கையில்தான், எங்கே திரும்புவது என்று அவள் சொல்வாள்.

நடைப்பித்தன்:
முதல் நாளையும் உங்கள் கையிலேயே வைத்திருக்கலாம் என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது. வைட்சாண்ட்ஸில் தொடங்கி செயின்ட் டேவிட்ஸ் முனையைச் சுற்றி வாருங்கள். ஐயாயிரம் ஆண்டுக்கும் பழைய கல்லறைக் கல் ஒன்று அங்கே ஒற்றைக் கல்மேல் சாய்ந்து நிற்கிறது. அரை நாளில் முடியும்.

கரைவலை:
சேருவதோ சேராததோ உங்கள் விருப்பம். ஒன்று மட்டும் கேளுங்கள். அலை அட்டவணையில் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள், உயரத்தையும் பாருங்கள். நான் நேரம் பார்த்தேன், உயரம் பார்க்கவில்லை. நம் ஊர் மீனவருக்குத் தெரிந்த கணக்குதான்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலேற்றம் பெரிது. அந்தக் கரையில் அப்படிப்பட்ட நாட்களில் மதியத்தை ஒட்டித்தான் கடல் அடிவரை வற்றும். மணல் மைதானம் மாதிரி விரிந்து கிடக்கும். சாப்பிட்டு, கொஞ்சம் சாய்ந்து எழுவதற்குள் அவ்வளவும் போய்விடும். மாட்டிக்கொண்டால் 999 அழைத்து கடலோரக் காவல் படை வேண்டும் என்று சொல்லுங்கள். பாறைக்கு அடியில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

லெஸ்டர்வாசி:
சமையலறைச் சுவரில் ஊரிலிருந்து வந்த தினசரி காலண்டர் தொங்குகிறது. மகள் போய்த் தாளைத் தூக்கிப் பார்த்தாள். நாங்கள் அங்கே இருக்கும் இரண்டாம் நாள் அமாவாசை. அன்றைக்கு மணலில் இறங்குவதில்லை, மேல் பாதை மட்டும் என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டாள்.