ஆப்ஜெக்டாகச் சேமித்த துகள் மோதல் நிகழ்வுகளை ரூட்டில் (செர்னின் தரவு அலசும் மென்பொருள்) வரைந்த அனுபவம் உண்டா?

வடசேரிக்காரன்:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். சார் தந்த கோப்பில் ஒரு ட்ரீ (நிகழ்வுகளை வரிசையாக வைக்கும் அட்டவணை), அதில் ஈவென்ட் என்று ஒரே கிளை. ரூட்டின் பிரவுசரில் திறந்து இலையை, அதாவது ஓர் அளவை, இரண்டு தட்டு தட்டினால் ஹிஸ்டோகிராம் வரும், தெரிந்ததுதான். உந்தம் வந்தது, கோணம் வந்தது. கெட்மாஸ்() என்று நிறையைக் கேட்டதும் ரூட்டிடமிருந்து திட்டு விழுந்தது. ஈவென்ட் கிளாஸுக்கு டிக்‌ஷனரி இல்லையாம், அதாவது அந்த வகை ஆப்ஜெக்டை ரூட்டுக்குப் புரியவைக்கும் விளக்கம். அதே கோப்பு சாரின் லேப்டாப்பில் 3.1 ஜிஇவி (துகள் நிறையை அளக்கும் அலகு) பக்கத்தில் ஊசி மாதிரி எழும்பி நிற்கிறது, அழகான ஜே/சை துகள்! இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சார் எட்டிப் பார்த்து, "மக்ளே, நிறை கோப்பில கிடையாது, அது என் லைப்ரரியில இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போய்விட்டார். கோப்பில் இல்லாத ஒன்று எப்படிப் படமாகிறது என்பது இன்னும் உறுத்துகிறது.

குளச்சல்:
எனக்கு வைவாவில் நடந்தது. படத்தின் மூலையில் வரும் ஸ்டாட் பெட்டியில் என்ட்ரீஸ் (எத்தனை முறை நிரம்பியது) எண், அறிக்கையில் உள்ள நிகழ்வுகளைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதில் விரலை வைத்து, "மிச்சம் எங்கேருந்து வந்தது?" என்றார். ஒரு நிகழ்வில் மூன்று மியூவான் துகள் இருந்தால் உந்தத்தை வரையும்போது மூன்று முறை நிரம்பும், நிகழ்வுக்கு ஒன்று வேண்டுமென்றால் பெயருக்கு முன்னால் @ போட்டு சைஸ்() கேட்கவேண்டும் என்றேன். தலைகூட ஆட்டவில்லை. ஏதோ குறித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். அப்படி என்னதான் எழுதினார்?

தக்கலை டீச்சர்:
என் கதை சின்னது. நிறையை வரைந்த மாணவி இசட் போசான் துகளை 91-இல் தேடினாள், படத்தில் அது 91,000-இல் இருந்தது. கோப்பு செர்னின் அட்லஸ் சோதனையுடையது, அவர்கள் எம்இவியில் வைப்பார்கள், இன்னொரு சோதனையான சிஎம்எஸ்காரர்கள் ஜிஇவியில், அதாவது ஆயிரம் எம்இவியில். அவள் முகம் மறக்காது.

வடசேரித் தம்பிக்கு: இந்தக் காலத்தில் டிக்‌ஷனரியோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? பைத்தானில் ரூட் கோப்பைப் படிக்கும் அப்ரூட் போடு, ரூட்டே வேண்டாம். எதையும் வரையும் முன் ட்ரீயை பிரின்ட் செய்து பார், அப்புறம் ஸ்கேன் போட்டு நாலைந்து வரியைக் கண்ணால் பார். வரையும் டிரா கட்டளையில் இரண்டாவதாகக் கொடுப்பது வெட்டு (எந்த நிகழ்வை எடுப்பது என்ற நிபந்தனை) மட்டுமல்ல, அதன் மதிப்பு எடையாகவும் பெருகும். பயிற்சிக்கு சிஎம்எஸ் திறந்த தரவு இருக்கிறது, 2014 முதல் வெளியிடுகிறார்கள். 2012-இன் இரட்டை மியூவான் கோப்பு ஒன்றில் 6 கோடிக்கு மேல் நிகழ்வு. எல்லாம் தட்டையான நெடுவரிசை, ஆப்ஜெக்ட் தொல்லையே இல்லை. இரண்டு அச்சையும் லாக் (மடக்கை) அளவில் வைத்து வரைந்தால் ஜே/சை, உப்சிலான், இசட் எல்லாம் ஒரே படத்தில் தெரியும். ஆடிக் காற்றில் கரண்டு போகும், அதனால் ராத்திரியே இறக்கி வைத்துக்கொள்.

ஆரல்வாய்மொழி:
டீச்சர், தம்பி கேட்டது அனுபவம். போகட்டும், அப்ரூட் போட்டாலும் அவனுக்கு நிறை வராது. கோப்பில் எழுதப்படுவது ஆப்ஜெக்டின் உறுப்புகளும் அவற்றின் வகைகளும்தான். லைப்ரரி இல்லாமலும் உந்தம் வந்தது அந்தக் குறிப்பை வைத்துத்தான். கெட்மாஸ் ஒரு பங்ஷன், அது சி++ கோடில் இருக்கிறது. பைத்தானுக்குப் போனால் உந்தத்தையும் ஆற்றலையும் வைத்து அவனே கணக்குப் போடவேண்டும். சாரின் லைப்ரரியை வாங்கி, கோப்பைத் திறப்பதற்கு முன்னால் ஏற்றினால் போதும்.

நான் பார்த்தது வேறு. துறையில் விருந்தினர் உரை, புரொஜக்டரில் நேரடி டெமோ. ஹிஸ்டோகிராம் மின்னியது, அடுத்த நொடி வெற்றுக் கேன்வாஸ். பேசியவர் திரும்பவும் ஓட்டினார், திரும்பவும் அதே மின்னல். மேக்ரோவின் கடைசி வரி கோப்பை மூடுகிறது, கோப்புக்குச் சொந்தமான ஹிஸ்டோகிராமும் கூடவே போகிறது. செட்டைரக்டரி(0) போட்டு அந்தச் சொந்தத்தை அறுத்தால் தங்கும். பின்வரிசையில் இருந்த எனக்குத் தெரியும், வாய் வரவில்லை. நாற்பது பேர் முன்னால் பெரியவரை எப்படித் திருத்துவது?

தக்கலை டீச்சர்:
உறுப்புகள் கையில் வந்தால் நிறைக்கு ஒரு வரி போதும், அதற்கு லைப்ரரி எதற்கு? நான் சொன்னது தவறில்லை.

குளச்சல்:
டீச்சர், அவர் என்ன எழுதியிருப்பார்?

வடசேரிக்காரன்:
லைப்ரரியைப் பென்டிரைவில் வாங்கி வந்தேன், அண்ணே. என் ரூட் பதிப்பும் சாருடையதும் வேறு, ஏற்ற மறுக்கிறது. சோர்ஸ் கோடு கேட்டிருக்கிறேன், இங்கேயே கம்பைல் செய்து பார்க்க வேண்டும். சார் திங்கள்கிழமைதான் வருவார்.