12 மி.மீ. பாயிண்ட்: திரும்பும் தடத்தில் மட்டும் ஷார்ட்

தாப்பா ரோடு பையன்:
வணக்கம் அண்ணன்மாரே. 1989இல் மூடிய மலேசியாவின் தெலுக் இந்தான் ரயில் கிளைப்பாதையை 1:87 அளவில் மாதிரி ரயில் பாதையாகக் கட்டுகிறேன், நிஜப் பாதை மீட்டர் கேஜ் (இரண்டு ரெயிலுக்கும் இடையே ஒரு மீட்டர்) என்பதால் 12 மி.மீ. தண்டவாளம். கடையில் விற்கும் பாயிண்டெல்லாம் (ரயில் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குப் பிரியும் அமைப்பு) சுவிஸ் மலை ரயில் சாயல், சிலிப்பர் கட்டை வரிசையைப் பார்த்தாலே நம்ம ஊர்ப் பாதை இல்லை என்று தெரிந்துவிடும். அதனால் செம்பு ஒட்டிய கட்டையில் நானே ஈயம் வைத்துக் கட்டினேன். நேராகப் போனால் சிக்கல் இல்லை. பக்கத் தடத்துக்குத் திருப்பினால் நாக்கு ரெயிலை (தடம் மாற்ற அசையும் கூர்முனை ரெயில்) தாண்டும்போதே டிசிசி (ரயிலை டிஜிட்டலாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) ஷார்ட் காட்டி நின்றுவிடுகிறது. இரண்டு நாக்கும் ஃபிராக்கோடு (இரண்டு தடத்தின் ரெயிலும் ஒன்றையொன்று கடக்கும் V வடிவ இடம்) மின்சாரத்தில் சேர்ந்துதான் இருக்கின்றன. எங்கே பார்ப்பது?

பழைய பாயிண்ட்ஸ்மேன்:
கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது தம்பி. நாக்கு ஃபிராக்கோடு சேர்ந்திருந்தால், திறந்து நிற்கும் நாக்கில் பக்கத்து வெளி ரெயிலுக்கு எதிர் மின்சாரம் இருக்கும். வளைவில் சக்கரம் வெளிப்பக்கம் ஒதுங்குமா, அப்போது உள்பக்கச் சக்கரத்தின் முதுகு அந்த நாக்கில் உரசும், உடனே ஷார்ட். நேர்த் தடத்தில் அப்படி ஒதுங்காததால் தப்பிக்கிறது. ஃபிராக்குக்குச் சற்று முன்னால் இரண்டு ரெயிலையும் அறுத்துவிடுங்கள். ஒவ்வொரு நாக்கையும் அதன் பக்கத்து வெளி ரெயிலோடு வயரால் இணையுங்கள். ஃபிராக்குக்குத் தனி வயர், அதை நாக்கை நகர்த்தும் மோட்டாரில் உள்ள சுவிட்ச் மாற்றிக் கொடுக்கட்டும். டார்ட்டாய்ஸ் என்ற மோட்டாரில் இதற்கென்றே இரண்டு சுவிட்ச் உண்டு. ஃபிராக்கைத் தாண்டியும் இரண்டு ரெயிலில் வெட்டு வேண்டும், இல்லையென்றால் அந்தப் பக்கத்து ஃபீடர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் வயர்) வந்து மோதும்.

பீடோர் ரயில்:
இவ்வளவு வயர் எதற்கு? நாக்கு திறக்கும் இடைவெளியைக் கூட்டினாலே உரசாதே.

பழைய பாயிண்ட்ஸ்மேன்:
உரசாது, பார்க்கவும் சகிக்காது. நிஜப் பாதையில் நாக்கு சுமார் 10 செ.மீ. திறக்கும், 1:87இல் அது ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கண்ணுக்கு அழகாக வேண்டும் என்றுதானே தம்பி கையாலேயே கட்டுகிறார்? அப்புறம் வாய் பிளந்த மாதிரி நாக்கை வைத்தால் எப்படி?

சுங்கை சிப்புட் அக்கா:
அறுப்பதற்கு முன் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு கட்டையையும் பாருங்கள் தம்பி. இரண்டு ரெயிலும் இணையாமல் இருக்க நடுவில் செம்பைச் சுரண்டிய கோட்டில் ஈயத் துணுக்கு ஒன்று கிடந்தாலும் போதும், நாள் முழுக்கத் தேட வைக்கும். இரண்டு நாக்கையும் இணைக்கும் குறுக்குப் பட்டையிலும் செம்பு வெட்டுப்பட வேண்டும். பலர் மறப்பது அதைத்தான். ஃபிளக்ஸை (ஈயம் ஒட்டத் தடவும் பசை) கழுவிவிடுங்கள், நம்ம ஊர் ஈரத்தில் விட்டு வைத்தால் களிம்பு பிடிக்கும்.

தாப்பா ரோடு பையன்:
குறுக்குப் பட்டையில் வெட்டு இல்லவே இல்லை அக்கா, இப்போதுதான் பார்த்தேன். ரெயிலை அறுக்க எந்த ரம்பம்? என்னிடம் இருப்பது தடிமன்.

சுங்கை சிப்புட் அக்கா:
நகை செய்யும் பத்தரிடம் இருக்குமே, நூல் மாதிரி ரம்பம், அதுதான். அறுத்த இடத்தில் பிளாஸ்டிக் துண்டு செருகி சூப்பர் குளூ விட்டு ரெயில் உயரத்துக்கு அராவிவிடுங்கள். சும்மா விட்டால் மத்தியான வெயிலில் ரெயில் நீண்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும்.