இரவுகளைக் கணக்கிட்டுக் குழந்தைப் பராமரிப்புத் தொகையைக் குறைக்கும் மசோதா: ஏற்கெனவே உள்ள ஆணை என்ன ஆகும்?

கேள்வி: மாலைவெயில்

அமெரிக்காவில் வசிக்கும் நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் மணவிலக்குப் பெற்றவள். ஒன்பது வயது மகள் என்னுடன் இருக்கிறாள். அவளுடைய தந்தை மாதம் 900 டாலர் சைல்டு சப்போர்ட் செலுத்துகிறார். சம்பளத்திலேயே பிடித்தம் செய்யப்படுவதால் இதுவரை தடங்கல் ஏற்பட்டதில்லை.

இப்போது எங்கள் மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா குழுவின் பரிசீலனைக்கு வந்திருக்கிறது. ஆண்டில் 90 இரவுகளுக்கு மேல் குழந்தையைத் தம்மிடம் வைத்திருக்கும் பெற்றோர், செலுத்த வேண்டிய தொகையில் அதற்கேற்ற கழிவு பெறலாம் என்கிறது அது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை, கோடை விடுமுறையில் ஆறு வாரங்கள், பண்டிகை நாட்கள் என எங்கள் நீதிமன்ற ஆணையில் உள்ளதைக் கூட்டினால் அவருக்கு 110 இரவுகள் வருகின்றன.

நடப்பது வேறு. எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. தந்தை வீட்டில் தங்கிய இரவுகளை மகளே நீலப் பேனாவால் வட்டமிட்டு வைப்பாள். சென்ற ஆண்டு முழுவதற்கும் 41 வட்டங்கள்தாம் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலைகளில் பையைத் தோளில் மாட்டியபடியே வாசலருகே உட்கார்ந்திருப்பாள். ஏழு மணிக்குமேல் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வரும், அவள் பையைக் கழற்றிவிட்டு உள்ளே போவாள்.

மசோதா நிறைவேறினால் எங்கள் ஆணை தானாகவே மாறிவிடுமா? 110 இரவுகளைக் கணக்கில் கொள்வார்களா, 41 இரவுகளையா? வழக்கறிஞர் அல்லாத நான் குழுவின் முன் கருத்துச் சொல்ல முடியுமா?

மறுமொழி: நெடுவழி

குடும்ப வழக்குகளைக் கையாளும் ஓர் அலுவலகத்தில் நெடுங்காலமாக உதவியாளராகப் பணியாற்றுகிறேன். வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியதை அவரிடமே கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆணை தானாக மாறாது. உங்களில் ஒருவர் மனுப் போட்டு, அதை நீதிமன்றமோ உரிய அரசு அமைப்போ ஏற்றால்தான் மாறும். கணக்கிடும் முறை மாறியதையே காரணமாகக் காட்டி மனுப் போடலாமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. பெரும்பாலும் மசோதாவின் கடைசிப் பிரிவில், சட்டம் நடைமுறைக்கு வரும் தேதிக்கு அருகிலேயே அந்த வரி இருக்கும். முதலில் அதைத் தேடிப் படியுங்கள்.

பெரும்பாலான மாநிலங்கள் தாய், தந்தை இருவரின் வருமானத்தையும் கூட்டி, அதற்குரிய குழந்தைச் செலவுத் தொகையை மாநிலம் வகுத்த அட்டவணையில் பார்த்து, வருமான விகிதப்படி பிரிக்கின்றன. டெக்சஸ் போன்ற சில மாநிலங்கள் செலுத்துபவரின் வருமானத்தை மட்டுமே பார்க்கின்றன. அங்கே ஒரு குழந்தைக்கு நிகர வருமானத்தில் 20 விழுக்காடு. உங்கள் மாநிலம் முதல் வகை என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மாதம் 6,000 டாலர், உங்களுக்கு 4,000 டாலர், அட்டவணைத் தொகை 1,500 டாலர் என்றால் அவருடைய பங்கு 60 விழுக்காடு, அதாவது 900 டாலர்.

இரவுக் கழிவு வந்தால், இரண்டு வீடுகளில் செலவு கூடுகிறது என்று சொல்லி அட்டவணைத் தொகையை ஒன்றரை மடங்காக, 2,250 டாலராக, உயர்த்துவது பல மாநிலங்களின் வழக்கம். அதில் அவர் பங்கு 1,350, உங்கள் பங்கு 900. 110 இரவுகள் என்பது ஆண்டில் ஏறத்தாழ 30 விழுக்காடு. குழந்தை உங்களுடன் இருக்கும் 70 விழுக்காட்டு நாட்களுக்கு அவர் தருவது 945 டாலர். அவருடன் இருக்கும் 30 விழுக்காட்டு நாட்களுக்கு நீங்கள் தருவது 270 டாலர். கழித்தால் மிஞ்சுவது 675. தாளில் எழுதிய 110 இரவுகளை அப்படியே ஏற்றுக்கொண்டால், நடக்காத இரவுகளுக்காக மாதம் 225 டாலரை உங்கள் மகள் இழக்க நேரும்.

மறுமொழி: கொன்றை

சகோதரி, நான் பணம் செலுத்தும் தந்தை. என் மகன் வாரத்தில் பாதி நாட்கள் என் வீட்டில்தான் தூங்குகிறான். அவனுக்குக் கட்டில், புத்தக மேசை, குளிர்காலச் சட்டை எல்லாமே இரண்டு வீடுகளிலும் வாங்க வேண்டியிருக்கிறது. இரவுகளைக் கணக்கில் கொள்ளும் சட்டம் என்னைப் போன்றவர்களுக்குத் தேவை என்பதை உறுதியாகச் சொல்வேன். ஆனால் 90 என்று ஓர் எல்லைக்கோட்டைப் போட்டு, அதைத் தாண்டியதும் தொகை சட்டென்று விழும்படி செய்வதை நான் ஏற்கவில்லை. ஒரே ஓர் இரவுக்காகப் பெற்றோர் சண்டையிடும் நிலை அப்படித்தான் உருவாகிறது. படிப்படியாகக் குறையும் கணக்கே நியாயமானது.

தந்தையின் தரப்பிலிருந்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். எச்1பி விசாவில் இருந்தபோது எனக்கு வேலை போனது. 60 நாட்களுக்குள் அடுத்த வேலை தேட வேண்டும் என்ற பதற்றத்தில், தொகையைக் குறைக்கக் கோரும் மனுவைத் தள்ளிப்போட்டுவிட்டேன். நிலுவையாகிவிட்ட தவணையை நீதிமன்றம் பின்னர் குறைக்க 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத் திருத்தம் இடந்தருவதில்லை. மனுவைப் பற்றி எதிர்த்தரப்புக்குத் தெரிவித்த நாளிலிருந்துதான் மாற்றம் செய்ய முடியும். அந்த நான்கு மாத நிலுவையை இரண்டு ஆண்டுகள் அடைத்தேன். யாராக இருந்தாலும், நிலைமை மாறிய அன்றே மனுவைப் போட்டுவிட வேண்டும்.

மறுமொழி: மாலைவெயில்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கொன்றை அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். உண்மையாகவே குழந்தையை வைத்துப் பார்த்துக்கொள்ளும் தந்தையருக்கு அந்தக் கழிவு கிடைக்கட்டும். ஆனால் வராத வெள்ளிக்கிழமைகளையும் வந்ததாக எண்ணும் சட்டம் எப்படிச் சரியாகும்? மசோதாவை எதிர்ப்பதா, திருத்தம் கேட்பதா என்றுதான் தெரியவில்லை.

மறுமொழி: நெடுவழி

திருத்தம் கேளுங்கள். அதற்கு முன்மாதிரி இருக்கிறது. புளோரிடாவில் ஆண்டில் 20 விழுக்காடு, அதாவது 73 இரவுகள் வந்தாலே கழிவு உண்டு. ஆனால் ஆணையில் உள்ள இரவுகளை ஒரு பெற்றோர் வழக்கமாகத் தவறவிட்டால், அதுவே தொகையை மாற்றுவதற்குப் போதுமான காரணம் என்றும், முதன்முதலில் தவறிய நாளிலிருந்தே அந்த மாற்றம் கணக்காகும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் மசோதாவில் கழிவு மட்டும் இருந்து இந்தப் பாதுகாப்பு இல்லையென்றால், நீங்கள் கேட்க வேண்டியது இந்த ஒரு பத்தியைத்தான். குழுவில் இருக்கும்போதே திருத்தம் சேர்ப்பது எளிது. அவையின் வாக்கெடுப்புக்குப் போய்விட்டால் கடினம்.

பெரும்பாலான மாநிலங்களில் குழுவின் பொது விசாரணையில் யார் வேண்டுமானாலும் பேசலாம், எழுத்து மூலமாகவும் அனுப்பலாம். பேசுவதற்குச் சில நிமிடங்களே கிடைக்கும் என்பதால், மணவிலக்கின் கதையை விட்டுவிட்டு 110, 41, 225 என்ற மூன்று எண்களையும் நீங்கள் கேட்கும் பத்தியையும் மட்டும் சொல்லுங்கள். நாட்காட்டியை இப்போதே மாதம் மாதமாகப் படமெடுத்து வையுங்கள். வராத நாட்களின் குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். பின்னால் உங்கள் முன்னாள் கணவர் மனுப் போட்டால் அவையே சான்று.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். குழுவுக்குத் தரும் எழுத்து பொது ஆவணமாகிவிடும். நாட்காட்டியின் படத்தை அங்கே இணைக்க வேண்டாம், மகளின் பெயரையும் பள்ளியையும் எழுத வேண்டாம், அவளை விசாரணைக்கு அழைத்துச் செல்லவும் வேண்டாம். நீல வட்டங்களை எண்ணிச் சொன்னால் போதும்.