[கலைச்சொல்] சப்சானிக் தோட்டா, சைலன்சர்: வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் வேண்டும்

இளவேனில்:
அனைவருக்கும் வணக்கம். முயல், அணில் போன்ற சிறு வேட்டையில் 22 ரக (0.22 அங்குலக் குழல்) ரைஃபிளின் சத்தத்தைக் குறைப்பது பற்றிய பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்களில் முட்டி நிற்கிறேன்: சப்சானிக் தோட்டா (ஒலியை விட மெல்லப் போவது), சைலன்சர் (சத்தத்தைக் குறைக்கக் குழல்வாயில் மாட்டும் கருவி). பழைய பதிப்பில் இரண்டுக்கும் 'சத்தமில்லா' என்றே அடைமொழி. மாற்று சொல்லுங்கள். வரலாறு வேண்டாம், சொல் வேண்டும்.

யோகன்:
தங்கச்சி, முதலில் அந்தச் 'சத்தமில்லா'வை வெட்டுங்கள். அதை நம்பிக் காதில் ஒன்றும் போடாமல் சுடுகிறவன் இருப்பான்.

22 எல்.ஆர். (லாங் ரைஃபிள் என்ற தோட்டா ரகம்) ரைஃபிளில் கேட்பது இரண்டு சத்தம். ஒன்று குழல்வாயில்: சன்னத்தின், அதாவது பறக்கிற ஈயத்தின், பின்னே அழுத்தத்தில் இருக்கும் வாயு சட்டென்று வெளியே பாய்வது. மற்றது வழி நெடுக: சன்னம் ஒலியை விட விரைந்தால் எழும் சாட்டைச் சொடுக்கு. சைலன்சர் முதலாவதோடு மட்டும்தான் மல்லுக்கட்டும். இரண்டாவது தோட்டாவை மாற்றினால்தான் போகும்.

20 பாகை செல்சியஸில் ஒலி நொடிக்கு 343 மீட்டர். 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் சன்னம் அதிவேக ரகத்தில் 375 மீட்டர் அளவில் போகும். ஸ்டாண்டர்டு ரகத்தில் 326. சப்சானிக் ரகத்தில் 320. 17 எச்.எம்.ஆர். என்ற இன்னும் மெல்லிய, விரைவான ரகத் தோட்டாவோ 770க்கும் மேல். அதற்கு எதை மாட்டினாலும் சொடுக்கு கேட்கும். ஆகவே தோட்டாவின் பெயரில் வேகம் இருக்க வேண்டும், அமைதி இருக்கக் கூடாது.

இன்னொன்று. உங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் முழு உருப்படிக்கும் தோட்டா, பறக்கிற ஈயத்துக்கும் தோட்டா. எங்கள் இலங்கைப் பக்கம் பறப்பது சன்னம். கையேட்டில் பிரித்து எழுதினால் புண்ணியம்.

மதி:
வகுப்பில் இதே தொல்லை உண்டு. 'மீயொலி'யைக் காதுக்கு எட்டாத அல்ட்ராசவுண்டுக்குக் கொடுத்துவிட்டோம். ஒலியை விட விரையும் சூப்பர்சானிக்குக்கும் அதையே போடுகிறவர்கள் உண்டு. அந்த வழியில் சப்சானிக்கைத் 'தாழொலி' ஆக்கினால் சத்தம் குறைந்த தோட்டா என்றே படிப்பார்கள், யோகன் அஞ்சும் அதே பிழை. 'ஒலிக்கீழ்வேகத் தோட்டா' எப்படி?

யோகன்:
பொருள் சரி. ஆனால் உங்கள் பாடநூலில் வேகம், திசைவேகம். எங்கள் பாடநூலில் கதி, வேகம். உங்கள் 'வேகம்' எங்களுக்குத் திசையோடு வரும். இரு பக்கமும் படிக்கிற கையேடு என்றால் அந்தச் சொல்லைத் தொடாமல் கடப்பது நல்லது.

சொக்கன்:
தொடாமல் கடக்கலாம். ஒலியை முந்தாத தோட்டா, *ஒலிமுந்தாத் தோட்டா*. வாடா மலர், பொய்யா மொழி போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். சூப்பர்சானிக்குக்கு *ஒலிமுந்து தோட்டா*, வினைத்தொகை, மிகாது. வேகமும் இல்லை, கதியும் இல்லை, பொருள் முழுதும் இருக்கிறது.

சைலன்சருக்கு வருவோம். தொல்காப்பிய உரியியல் 'கம்பலை சும்மை கலியே அழுங்கல்' என்று நான்கையும் அரவப் பொருளில், அதாவது ஓசைப் பொருளில், வைக்கிறது. அடுத்தே, அழுங்கல் இரக்கமும் கேடும் ஆகும் என்கிறது. ஓசைக்கும் கேட்டுக்கும் ஒரே சொல்! ஓசையைக் கெடுக்கும் கருவிக்கு இதைவிடப் பொருத்தம் எது? *அழுங்கி*. ஓசை என்று பொருள்படும் 'சும்மை'யும் பேசாதிருத்தலைச் சுட்டும் 'சும்மா'வும் ஒரு வேரினவா என்பதும் ஆராயத்தக்கது.

மதி:
ஐயா, அழுங்கு என்றால் எறும்புதின்னி. வேட்டைக் கையேட்டில் 'குழல்வாயில் அழுங்கியை இறுக்கமாகத் திருகவும்' என்று வந்தால் வனத்துறை வீட்டுக்கு வரும்.

சொக்கன்:
எறும்புதின்னி உகர ஈறு. நான் சொன்னது இகர ஈறு. 'சேர்ந்தாரைக் கொல்லி'யில் வரும் அதே இகரம். மண்வெட்டியில் கருவிப் பொருளிலும் வரும். இலக்கணத்தில் குழப்பமே இல்லை.

இளவேனில்:
இலக்கணத்தில் இல்லை ஐயா, 'அழுங்கியை' என்று படித்ததும் வாசகர் தலையில்தான். 'ஒலியடக்கி' நாளிதழ்களிலேயே வருகிறது. அதைப் போட்டுவிடவா?

சொக்கன்:
'ஒலியடக்கிச் சுடவும்' என்பதில் ஒலியடக்கி பெயரா, எச்சமா? அத்துடன், அடக்குவதென்றால் முற்றாக அடக்குவது.

யோகன்:
பின்பாதியில் ஐயாவோடு ஒத்துப்போகிறேன். 22 ரைஃபிள் வெறும் குழலில் ஏறத்தாழ 140 டெசிபெல். கருவி மாட்டினால் 115 முதல் 120 வரை. குறைகிறதே ஒழிய அடங்கவில்லை. சைலன்சர் என்ற பெயரே விற்பனைப் பெயர்: 1909இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஹைரம் பெர்சி மேக்சிம் அப்படித்தான் விற்றார். பிரித்தானியர் மாடரேட்டர் என்கிறார்கள், அதுதான் நேர்மையான சொல். தணிப்பது. *ஒலிதணிப்பான்*.

கருவிக்குள் காற்று இருக்கும்போது முதல் வேட்டு மற்றவற்றை விடச் சற்று உரக்கக் கேட்கும். உள்ளிருக்கும் ஆக்சிஜனில் வாயு மறுபடி எரிவதால். இதையும் கையேட்டில் சொல்லுங்கள். 'அடக்கி' வாங்கினவன் முதல் வேட்டிலேயே பழுது என்று திருப்பிக் கொண்டுவருவான்.

மதி:
அடக்கி எச்சமென்றால் தணிப்பான் வினைமுற்று: 'அவன் ஒலி தணிப்பான்.' அழிப்பான், ஒலிபெருக்கி எல்லாம் இப்படித்தான், யாரும் தடுமாறவில்லை. என் வாக்கு தணிப்பானுக்கு.

ஒலிமுந்தாவில்தான் எனக்கு அச்சம். முந்து, முந்தா: ஒரு துணைக்கால் விடுபட்டால் பொருள் நேரெதிர். தோட்டாப் பெட்டி மேல் சின்ன எழுத்தில் அச்சாகிற சொல் அது. மழையில் நனைந்த அட்டையில் யார் கால் தேடுவது?

சொக்கன்:
கால் விழுந்தால் அச்சுக்கோப்பவரைத் திருத்துங்கள், சொல்லைத் திருத்தாதீர்கள். வலி மிகுந்திருப்பதே அடையாளம் காட்டும்.

மதி:
நம் பதிப்பாளர்களில் எத்தனை பேர் வலி மிகும் இடத்தில் மிகுவிக்கிறார்கள், ஐயா?

இளவேனில்:
இந்தப் பெயருக்கு இன்னொரு சிக்கல். குளிர் அட்டவணையை மொழிபெயர்க்கும்போது பட்டது. 0 பாகையில் ஒலி 331 மீட்டர்தான், கழித்தல் 10இல் 325. அப்படியானால் 326 மீட்டர் தோட்டா கோடையில் ஒலிமுந்தா, பனியில் ஒலிமுந்தி?

யோகன்:
அதேதான், அதனால்தான் பெயரில் ஒலியோடு ஒப்பீடு இருப்பது நல்லது என்கிறேன். ஒரே பெட்டியிலேயே வேட்டுக்கு வேட்டு நொடிக்கு 5, 10 மீட்டர் ஏறி இறங்கும். 0 பாகையில் ஸ்டாண்டர்டு ரகத்தைச் சுட்டால் சில சொடுக்கும், சில சொடுக்காது. குளிரில் வெடிமருந்தும் சற்று மெல்ல எரிவதால் கொஞ்சம் ஈடாகும், முழுக்க அல்ல. காற்றழுத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், வெப்பம்தான் கணக்கு.

பழைய பதிப்பில் விடுபட்டவற்றையும் சேருங்கள். 320 மீட்டரில் சன்னத்தின் ஆற்றல் 133 ஜூல். அதிவேக ரகத்தில் 183. அதனால் தூரத்தைச் சுருக்கி, தலைக்குக் குறி வைக்க வேண்டும். 50 மீட்டருக்குப் பார்வை சரிசெய்தால் 100 மீட்டரில் ஒரு சாண் இறங்கும். அதிவேகத்துக்கென்று செய்த குழிமுனைச் சன்னம் (பட்டதும் விரிவதற்காக முனையில் குழி உள்ளது) இந்த வேகத்தில் விரியாமலே ஊடுருவிப் போகலாம்; சப்சானிக்குக்கென்றே செய்த குழிமுனையை வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கியில் இந்தத் தோட்டாவின் உதைப்பு போதாமல் பூட்டு (குழலைப் பின்னால் அடைக்கும் உறுப்பு) முழுக்கப் பின்வாங்காது. வெற்றுக்கூடு வாசலில் நட்டுக்கொண்டு நிற்கும். கையால் இழுக்கும் பூட்டு ரைஃபிளில் அந்தத் தொல்லை இல்லை, பூட்டின் தடதடப்பும் இல்லை. வெடிமருந்தே இல்லாமல் விளிம்பிலுள்ள தீமூட்டு மருந்தால் மட்டும் தள்ளப்படும் தோட்டாக்களை நீண்ட குழலில் போட வேண்டாம். சன்னம் நடுவழியில் நின்றுவிடும். அடுத்த வேட்டில் குழல் போச்சு.

60 கிரெய்ன் கனச் சன்னமும் அப்படித்தான். வழமையான 22 குழலில் புரி, அதாவது சன்னத்தைச் சுழலவைக்கும் உட்பள்ளம், 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அந்த நீளச் சன்னத்துக்கு அது போதாது. தள்ளாடிக்கொண்டு வெளியே வந்து தணிப்பானின் உட்தட்டில் மோதும். வெறும் குழலில் தாளைச் சுட்டுப் பார்க்கட்டும். துளை வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தால் அந்தத் தோட்டாவுக்கு அந்தக் குழல் ஒத்துவராது.

சொக்கன்:
'நட்டுக்கொண்டு நிற்கும்' நல்ல தமிழ். அதற்கும் சொல் கேட்டு இங்கே யாரும் வராமல் இருக்கட்டும்.

இளவேனில்:
சரி, இதோடு நிறுத்துகிறேன். தனிமடல்களையும் சேர்த்துத் தணிப்பானுக்கு ஐந்து வாக்கு, அடக்கிக்கு மூன்று, அழுங்கிக்கு ஒன்று. தோட்டாவுக்கு எல்லாரும் களைத்துவிட்டார்கள். முதல் வரவில் 'சப்சானிக் (ஒலிமுந்தா) தோட்டா', பிறகு சப்சானிக். சன்னத்தைப் பிரித்தே எழுதுகிறேன். காதுக்காப்பு வரியைத் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

சொக்கன்:
தமிழ்ச்சொல் அடைப்புக்குள், அயற்சொல் வெளியே! என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அழுங்கல் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

யோகன்:
அதில் என்னைச் சேர்க்க வேண்டாம், ஐயா. இளவேனில், தணிப்பானைக் குழல்வாயில் முடுக்கும் திருகுபுரி வரியை மெய்ப்பில் ஒருமுறை பாருங்கள்: அரை அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 28 புரியும் உண்டு, 20 புரியும் உண்டு, பழைய பதிப்பில் 26 என்று இருக்கிறது. தவறான புரியை முடுக்கினால் தணிப்பான் கோணலாக உட்காரும், சன்னம் அதன் வாயை உடைத்துக்கொண்டு போகும். மாட்டியபின் பார்வையை மறுபடி சரிசெய்ய வேண்டும், அவ்வப்போது தோட்டாவை நீக்கிவிட்டு இறுக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் அதே பத்தியில் வையுங்கள்.