புதுப்பிப்பு: வைரஸ் தொண்டை அழற்சிக்கு ஜே02.9-ஆ, ஜே02.8-ஆ?

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சிங்கப்பூர் ஈசூனில் ஒரு கிளினிக்கில் முகப்பு வேலை பார்க்கிறேன். டாக்டர் 'வைரஸ் தொண்டை அழற்சி' என்று எழுதியும் சிஸ்டம் ஜே02.9 என்ற நோய்க் குறியீட்டைப் போட்டது, காப்புறுதி நிறுவனம் விளக்கம் கேட்டது, எந்தக் குறியீடு சரி என்றுதான் இங்கே கேட்டிருந்தேன்.

தீர்வு, ஜே02.8-உடன் பி97.8 சேர்த்துப் போடச் சொன்ன அக்காவின் யோசனை. நோய்களுக்கான உலகளாவிய குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-இல் ஜே02.9 காரணம் குறிப்பிடாத தொண்டை அழற்சிக்கு. டாக்டரே வைரஸ் என்று எழுதிவிட்டால் ஜே02.8, கூடவே கிருமி வகையைச் சொல்ல பி97.8. அடினோவைரஸ் என்று உறுதியானால் பி97.0. மாற்றி அனுப்பினோம், கோரிக்கை ஏற்கப்பட்டது. ஆர்07.0 போடலாம் என்றார் ஒருவர். அது வெறும் வலிக்கான அறிகுறிக் குறியீடு, நோய் தெரிந்தபின் எதற்கு?

எதிர்பாராதது இன்னொன்று. பழைய குறிப்புகளைப் புரட்டியபோது ஒரு குழந்தைக்கு அண்ணத்தில் கொப்புளம், 'ஹெர்பாஞ்சினா' என்று இருந்தது. அதுவும் வைரஸ்தான், ஆனால் ஜே02 பக்கமே வராது, பி08.5. சளிக்காய்ச்சல் வைரஸ் என்றாலும் அப்படித்தான், ஜே09 முதல் ஜே11 வரை பார்க்க வேண்டும்.

அப்புறம், 'தொண்டை வலி' என்று மட்டும் குறிப்பு இருந்தால் நாமாக வைரஸ் சேர்க்கக் கூடாது. இப்போதெல்லாம் டாக்டரிடமே கேட்டுவிடுகிறேன். அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.