ஓபியாய்டு அடிமை நோயும் ஏ118ஜி மாற்றமும்: வம்சாவளி, ஆண்-பெண் வேறுபாட்டை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி:
வணக்கம். ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற வலி மருந்துகள், ஹெராயின்) அடிமை நோய் குறித்த மரபணுத் தரவைப் பகுப்பாய்வு செய்யப்போகிறேன். மையமாக எடுத்திருப்பது, ஓபியாய்டு ஒட்டும் ஏற்பியை உருவாக்கும் ஓபிஆர்எம்1 மரபணுவிலுள்ள ஏ118ஜி மாற்றம் (ஏ என்ற எழுத்து ஜி ஆவது; அடையாள எண் ஆர்எஸ்1799971). இதன் ஜி வடிவம் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் ஏறத்தாழ 15%, ஆசிய மக்களிடம் 40% வரை, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மிக அரிது. அப்படியென்றால் ஜி அதிகமுள்ள மக்களுக்கு அடிமையாகும் ஆபத்தும் வேறுபடும் என்று சொல்லலாமா? எல்லோரையும் ஒரே புள்ளியியல் மாதிரியில் சேர்த்து ஓட்டலாமா? இன்னொன்று: ஆண்களில் பீட்டா (ஒரு ஜி-க்கு உள்ள விளைவின் அளவு; எதிர்க்குறி என்றால் ஆபத்து குறைகிறது) -0.08, திட்டப் பிழை (அந்த அளவின் நிச்சயமின்மை) 0.037, பி மதிப்பு (விளைவே இல்லாதபோதும் இப்படி வருவதற்கான வாய்ப்பு) 0.03. பெண்களில் பீட்டா -0.07, திட்டப் பிழை 0.055, பி மதிப்பு 0.20. "இந்த விளைவு ஆண்களுக்கு மட்டுமே" என்று எழுதலாமா?

பதில் 1:
முதல் கேள்விக்கு: சொல்லக்கூடாது. ஜி ஆபத்தைக் கூட்டுகிறது என்றும் குறைக்கிறது என்றும் பழைய சிறு ஆய்வுகள் முன்னுக்குப்பின் முரணாகச் சொல்லிவந்தன. 2020-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் தரவைப் பெரும்பகுதியாகக் கொண்டு வந்த ஆய்வில், ஐரோப்பிய வம்சாவளியினர் 82,707 பேரிடம் ஜி வடிவத்துக்குப் பீட்டா -0.066 கிடைத்தது. அதாவது வாய்ப்பு விகிதம் சுமார் 0.94. ஒரு ஜி இருந்தால் நோய்க்கான வாய்ப்பு ஆறு சதவீதம் போலக் குறைகிறது, அவ்வளவுதான். மருந்துச் சீட்டு எவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது, வலிக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள் என்பவற்றுக்கு முன் இது மிகச் சிறியது. இதை வைத்து ஒரு மக்கள்கூட்டத்தின் ஆபத்தை அளப்பது தவறு.

ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அந்த ஆய்வில் இந்தத் தொடர்பு தென்படவில்லை. ஆனால் அங்கே ஜி ஓரிரு சதவீதம்தான். இவ்வளவு சிறிய விளைவை அவ்வளவு அரிய வடிவத்தில் கண்டுபிடிக்கப் பெரும் எண்ணிக்கை வேண்டும். "தொடர்பு இல்லை" என்று எழுதிவிடாதீர்கள், "கண்டறியும் திறன் போதவில்லை" என்றே எழுதுங்கள்.

பதில் 2:
ஒரே மாதிரியில் கலந்து ஓட்டினால் வரும் சிக்கல் இது: நோயாளிக் குழுவில் ஒரு வம்சாவளியினர் கூடுதலாக இருந்தால், அவர்களிடம் அதிகமாகக் காணப்படும் எந்த மரபணு வடிவமும் நோய்க்குக் காரணம்போலத் தெரியும். பீட்டா உங்களுக்குச் சொல்வது வம்சாவளியைத்தான், நோயை அல்ல. எனவே மரபணுத் தரவிலிருந்தே வம்சாவளிக் குழுக்களைப் பிரியுங்கள். படிவத்தில் எழுதிக்கொடுத்த இனப்பெயர் இதற்குப் போதாது. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் முதன்மைக் கூறுகளை (வம்சாவளி வேறுபாட்டைச் சுருக்கிக் காட்டும் எண்கள்) புதிதாகக் கணக்கிட்டு, முதல் பத்தை வயது, பாலினத்தோடு மாதிரியில் சேருங்கள். நெருங்கிய உறவினர்களில் ஒருவரை மட்டும் வையுங்கள். கடைசியில் குழுக்களின் முடிவுகளைத் தொகுப்பாய்வில் இணையுங்கள். பல மரபணு மதிப்பெண் (பல மாற்றங்களின் விளைவுகளைக் கூட்டிய ஆபத்து எண்) கட்டுவதாக இருந்தால், ஐரோப்பியத் தரவில் கட்டியது மற்றவர்களிடம் வலுவிழக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒப்பீட்டுக் குழு யார்? ஓபியாய்டைத் தொடவே தொடாதவருக்கு மரபணு ஆபத்து எவ்வளவு இருந்தாலும் நோய் வராது. அவரை "நோயற்றவர்" என்று சேர்த்தால் விளைவு மங்கிப்போகும்.

பதில் 3:
ஆண்-பெண் கேள்விக்கு வருகிறேன். "ஆண்களுக்கு மட்டுமே" என்று எழுத முடியாது. ஒரு பி மதிப்பு வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே, மற்றது மேலே என்பது இரண்டும் வேறு என்பதற்குச் சான்றல்ல. இரண்டு பீட்டாக்களின் வித்தியாசம் -0.01. அதன் திட்டப் பிழை, இரு திட்டப் பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், 0.066. வகுத்தால் -0.15 வருகிறது, பி மதிப்பு 0.88. வேறுபாட்டுக்கு எந்தச் சான்றும் இல்லை. பெண்களின் எண்ணிக்கை குறைவு, அதனால் பிழை பெரிது. அந்தப் படைவீரர் தரவிலும் இதே குறை: பங்கேற்றவர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆண்கள்.

ஒரே மாதிரியில் மரபணு-பாலின இடைவினை (மரபணுவின் விளைவு பாலினத்தைப் பொறுத்து மாறுகிறதா என்று பார்க்கும் உறுப்பு) வைத்தால், பாலினத்துக்கும் முதன்மைக் கூறுகளுக்கும் இடையிலான இடைவினைகளையும் சேருங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எக்ஸ் குரோமோசோமையும் ஒதுக்காதீர்கள். ஆண்களுக்கு ஒரே எக்ஸ்தான் என்பதால், அங்கே ஆண்களுக்கு 0 அல்லது 2, பெண்களுக்கு 0, 1, 2 என்று குறியிடுவது வழக்கம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. தொடாதவர்களை ஒப்பீட்டுக் குழுவிலிருந்து நீக்குகிறேன். இப்படிப்பட்ட மாற்றங்களைச் சேர்த்து ஒருவரின் ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை நம்பத்தக்கதா?

பதில் 2:
15 மாற்றங்களைப் பார்க்கும் அவெர்ட்-டி என்ற கன்னத் தடவல் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2023 டிசம்பரில் அனுமதி தந்தது. அதன் ஆலோசனைக் குழு 2022-இல் 11-2 என்று எதிர்த்து வாக்களித்திருந்தது. தயாரிப்பாளர் தந்த உணர்திறன் (நோய் வருபவர்களைச் சரியாகப் பிடிப்பது) 82.8%, தனித்தன்மை (நோய் வராதவர்களைச் சரியாக விடுவிப்பது) 79.2%. அதை அப்படியே ஏற்றாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 பேரில் 50 பேருக்கு நோய் வரும் என்று வைத்துக்கொண்டால், சரியாகச் சிக்குபவர்கள் 41 பேர், வீணாகச் சிக்குபவர்கள் சுமார் 198 பேர். "ஆபத்து அதிகம்" என்று முத்திரை விழுந்தவர்களில் ஆறில் ஐந்து பேருக்கு அது பொய். 2025 ஜனவரியில் நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட முன்னாள் படைவீரர்களிடம் அதே 15 மாற்றங்களைச் சோதித்தபோது, அவை நோயின் வேறுபாட்டில் அரை சதவீதத்துக்கும் குறைவாகவே விளக்கின. கணிப்பு, நாணயம் சுண்டுவதற்கு மேல் பெரிதாகப் போகவில்லை.

என் பெரிய கவலை எதிர்ப்பக்கம்தான். "ஆபத்து குறைவு" என்று தாள் வந்துவிட்டால் மருத்துவரும் நோயாளியும் கவனத்தைத் தளர்த்துவார்கள். முந்தைய போதைப்பழக்கம், மனச்சோர்வு, மருந்தின் அளவு, எத்தனை நாள் என்பவற்றைக் கேட்டறிவதே இன்றும் கூடுதல் பயன் தரும்.