சூழல் சுற்றுலா வருகிறதாம், ஊரிடம் எப்போது கேட்பார்கள்?

மலையோரம்:
எங்கள் ஊர் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், நூறு வீடுகூட இருக்காது. அருவிப் பக்கம் சூழல் சுற்றுலா கொண்டு வருகிறோம் என்று போன மாதம் கூட்டம் போட்டார்கள். போய்ப் பார்த்தால் வரைபடம் ஏற்கெனவே அச்சாகிச் சுவரில் தொங்குகிறது, குடில் எங்கே, வண்டி நிறுத்துவது எங்கே, எல்லாம் முடிந்த கதை. வண்டி நிறுத்தக் குறித்த இடம் எங்கள் மாடு மேயப் போகும் வழி! கேட்டால் "உங்கள் பையன்களுக்கு கைடு வேலை உண்டு" என்கிறார்கள். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு டீயும் வடையும் கொடுத்தார்கள். திட்டம் போடும்போதே ஊர்க்காரர்களை உட்காரவைத்த இடம் எங்காவது இருக்கிறதா?

குமுளிப்பக்கம்:
பெரியாறு புலிகள் காப்பகத்தைப் பாருங்கள். காட்டுக்குள் வயணப்பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) உரித்துக் கடத்திக்கொண்டிருந்தவர்களையே 1990களின் கடைசியில் ஒரு குழுவாக்கி, பயணிகளை மலையேற்றம் கூட்டிப்போகும் வேலையையும் ரோந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூலைமுடுக்கு அவர்களுக்குத்தானே தெரியும். நல்ல ஏற்பாடுதான், ஆனாலும் கடிவாளம் வனத்துறை கையில் என்பதை மறக்க வேண்டாம்.

பொடிநடை:
நமீபியாவில் வேறு மாதிரி. 1996இல் சட்டத்தைத் திருத்தினார்கள். உறுப்பினர் பட்டியல், பக்கத்து ஊர்களும் ஒப்புக்கொண்ட எல்லை, வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்ற திட்டம், இவ்வளவையும் ஊரே தயார் செய்து 'கன்சர்வன்சி' (ஊரே நடத்தும் காட்டுயிர்ப் பாதுகாப்புப் பகுதி) என்று பதிந்துகொண்டால் அந்த எல்லைக்குள் சுற்றுலா உரிமை ஊருக்கு. 1998இல் நான்கோடு தொடங்கியது, இப்போது 80க்கும் மேல். அதில் டோரா என்ற இடத்தில் விடுதியை நடத்தியது வெளி நிறுவனம், ஆனால் வருமானத்தில் ஊரின் பங்கு ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. நீங்களும் வேலை எத்தனை என்று கேட்காதீர்கள், நுழைவுக் கட்டணம் யார் கணக்குக்குப் போகிறது என்று கேளுங்கள். அப்புறம் ஒன்று, கொரோனாவில் பயணிகள் நின்றதும் அங்கே காட்டுயிர்க் காவலர் சம்பளத்துக்கே திண்டாட்டம். மாட்டை விற்றுவிடாதீர்கள்.

பழைய பட்டா:
அது வன நிலமா? அப்படியானால் 2006 வன உரிமைச் சட்டத்தைப் படியுங்கள். கிராம சபை பரிந்துரைத்தால் வன நிலத்தில் 1 ஹெக்டேருக்குள் கட்டிக்கொள்ளலாம் என்று 13 வசதிகளைச் சொல்கிறது: பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை இப்படி. சுற்றுலாக் குடில் அதில் இல்லை. டீ கொடுத்து வாங்கிய கையெழுத்தும் கிராம சபைத் தீர்மானம் ஆகாது. அந்தச் சபைக்கு உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

மலையோரம்:
வன நிலம்தான். சரி, ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடுகிறது, மேய்ச்சல் வழியை நாங்களே ஒரு தாளில் வரைந்து வைக்கிறோம். பெண்களை வரவைப்பதுதான் பாடு, மாலை 4 மணி என்றால் விறகுக்குப் போயிருப்பார்கள். இரவு 8 மணிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.